சந்தை திறந்த அன்று விற்றுப்போன தார்

எங்கள் தோட்டத்து வாழைப்பழத்தைத் தின்கிறவர்களின் முகத்தை நான் முதல்முதலாகப் பார்த்தது என் நாற்பத்தேழாவது வயதில். அதுவரைக்கும் வெட்டின தாரை வேனில் ஏற்றி மண்டியில் இறக்கிவிட்டால் எங்கள் வேலை முடிந்தது. ஏலம் போடுகிறவர் நாலு குரல் கொடுப்பார், லாரி கிளம்பிவிடும். அது எந்த ஊருக்குப் போகிறது, யார் வீட்டுத் தட்டில் விழுகிறது என்பதெல்லாம் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. ஆண்டவர் அந்தக் குறையை ஒரே நாளில் தீர்த்து வைத்தார். தீர்த்து வைத்த விதத்தை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வந்தது நடுக்கம்தான்.

அந்த வருடம்தான் எங்கள் வட்டாரத்து விவசாயிகள் கொஞ்சம் பேர் சேர்ந்து, மாதத்தின் முதல் சனிக்கிழமை தோறும் திண்டுக்கல் டவுனில் ஒரு சந்தை போடுவது என்று பேசி முடித்திருந்தார்கள். இடைத்தரகர் கிடையாது. விளைவித்தவனே கொண்டு வந்து விற்க வேண்டும். ஒரு கல்யாண மண்டபத்துப் பின்பக்கக் காலியிடத்தைக் கேட்டு வாங்கி, சாமியானா பந்தல் போட்டு, ஆளுக்கு ஒரு மேசை என்று ஒதுக்கியிருந்தார்கள். நிலக்கோட்டைப் பக்கமிருந்து பூ வந்தது. ஆயக்குடியிலிருந்து கொய்யா வந்தது. எங்கள் பங்குக்கு பூவன் தார் மூன்றும், கொஞ்சம் முருங்கையும், சின்ன வெங்காயமும்.

மூன்று தார் என்று சொன்னேன். விற்பதற்குக் கொண்டு போனது இரண்டுதான். மூன்றாவது மாதாவுடையது.

அதைச் சொல்ல வேண்டுமானால் பத்து மாதம் பின்னால் போக வேண்டும். வாழைக்கன்று முழங்கால் உயரம் இருந்தபோது, சாயங்காலம் தண்ணீர் திருப்பப் போன என் வீட்டுக்காரரை விரியன் கடித்துவிட்டது. பெரியாஸ்பத்திரியில் நான்கு நாள் கண் திறக்கவில்லை. கால் தொடை வரைக்கும் வீங்கிப்போய், சிறுநீர் போகாமல், டாக்டர்கள் என்னிடம் பேசும்போது தரையைப் பார்த்தே பேசினார்கள். வார்டுக்கு வெளியே சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்த நான் மூன்றாம் நாள் ராத்திரி மாதாவிடம் சொன்னேன். "அம்மா, இவர் தன் காலால் நடந்து வீடு வந்து சேர்ந்தால், இப்ப நட்டிருக்கிற வாழையில் முதல்ல வெட்டுற தாரை முழுசா, ஒரு பழம் குறையாம, உமக்குக் கொண்டாந்து வைக்கிறேன்."

ஐந்தாம் நாள் அவர் கண்ணைத் திறந்தார். திறந்ததும் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "மோட்டார நிப்பாட்டுனியா?" என்பதுதான்.

நேர்ச்சையை நிறைவேற்றும் வரைக்கும் யாரிடமும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். யாருக்காக நேர்ந்தோமோ அவரிடமும்தான். அதனால் அவருக்குத் தெரியாது. தோட்டத்தில் முதல் மரம் குலை தள்ளியதும், டவுனில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சடைக்குக் கட்டுகிற நீல ரிப்பன் மூன்று கெஜம் வாங்கி வந்து காம்பில் கட்டினேன். நீலம் மாதாவின் நிறம். அவர் கண் திருஷ்டிக்குக் கட்டியிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். நானும் ஆமாம் இல்லை என்று சொல்லவில்லை.

சந்தை தொடங்குகிற சனிக்கிழமையே எங்கள் ஊர்க் கோயிலில் மாதா பூசை. சாயங்காலம் ஆறு மணிக்கு. சந்தை முடிந்து வீட்டுக்குப் போய்த் திரும்பினால் நேரத்துக்கு வந்து சேர முடியாது. அதனால் அந்தத் தாரையும் வேனிலேயே ஏற்றிக்கொண்டு போய், திரும்புகிற வழியில் கோயிலில் இறக்கிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். காலையில் தாரைப் பந்தல் கம்பில் கட்டித் தொங்கவிட்டபோது அவரிடம் சொன்னேன்.

"ஏங்க, நீல ரிப்பன் கட்டுனது விக்கிறதுக்கு இல்ல. ஏன்னு கேக்காதீங்க."

"கேக்கல தாயே," என்றார். "அந்த ரெண்டயாவது விக்கத் தெரியணுமே மொதல்ல."

அது உண்மை. முப்பது வருடம் விவசாயம் பார்த்தவர், ஒரு பழத்தை ஒருத்தருக்கு விற்றதில்லை. முதலில் வந்த அம்மாள் "சீப்பு என்ன வெல?" என்று கேட்டதற்கு, இவர் "நீங்க சொல்லுங்க" என்றார். மண்டிப் பழக்கம். அங்கே விலையை நாங்கள் கேட்டுத்தான் தெரிந்துகொள்வோம். அந்த அம்மாள் இவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டது. அடுத்த மேசைக்காரர் ஆயக்குடிக் கொய்யாக்காரர். அவருக்கு வாய் நிற்காது.

"ஏனுங்ண்ணா, வாங்க வந்தவங்களயே வெல சொல்லச் சொன்னா அவங்க சும்மா குடுங்கன்னுதானுங்க சொல்வாங்க? ஒரு அட்டைல எழுதி மாட்டுங்க."

அட்டையில் எழுதி மாட்டினோம்.

எங்களைப் போலத்தான் மற்றவர்களும் இருந்தார்கள். கீரைக்காரப் பெண் ஒருத்தி கட்டு வாங்கியவர்களிடம் எல்லாம் "வாரேன்க்கா" என்று தானே விடைபெற்றுக்கொண்டிருந்தாள். பூக்காரர் முழம் அளக்கத் தெரியாமல் தன் மனைவியை போனில் கூப்பிட்டுக் கேட்டார். அவர் மூட்டையாகத்தான் போட்டுப் பழகியவர். பார்க்கப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இத்தனை பேரும் என்னைப் போலவே வெட்கப்படுகிறார்கள் என்பதில் ஒரு தைரியம்.

ஒன்பதரை மணிக்குத் திறப்பு விழா. வருகிறவர்களுக்குச் சந்தனமும் கல்கண்டும் கொடுக்க இரண்டு பெண்கள் வாசலில் நிற்க வேண்டும் என்று கமிட்டியில் இருந்த பெரியவர் என்னையும் கீரைக்காரப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். திறந்து வைக்க வந்தது கமிட்டிக்காரர் ஒருவருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த வாத்தியார். அவர் நேரத்துக்கு வந்துவிட்டார். பிறகுதான் கமிட்டிக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கத்தரிக்கோல் இருந்தது. தட்டு இருந்தது. வெட்டுவதற்கு ரிப்பன் வாங்க எல்லாரும் மறந்திருந்தார்கள்.

"நீ வாங்குறேன்னுதானய்யா சொன்ன?"

"நான் கத்தரிக்கோலு. ரிப்பன் நீ."

வாத்தியார், "ஏப்பா, ஒரு கயித்தக் கட்டுங்கப்பா, வெட்டிருவோம்," என்று சிரித்தார். அதற்குள் ஒருவர் பந்தலுக்குள் ஓடி, செத்த நேரத்தில் நீல ரிப்பன் ஒன்றோடு வந்து இரண்டு கம்புக்கும் குறுக்கே கட்டினார். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. மாதாவின் நிறத்திலேயே கிடைத்திருக்கிறதே, இந்தச் சந்தை நன்றாக வரும் என்று சந்தனக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டே சிலுவை போட்டுக்கொண்டேன். வாத்தியார் வெட்டினார். எல்லாரும் கை தட்டினார்கள். நானும்தான் தட்டினேன்.

வாசல் வேலை முடிய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. திரும்பி வந்தபோது எங்கள் மேசையில் கூட்டம். இவர் முகத்தில் வேர்வையும் சிரிப்புமாக, "இந்தா புள்ள, எப்பிடி விக்குது பாத்தியா," என்றார். நான் பந்தல் கம்பைப் பார்த்தேன். இரண்டு தார் முழுசாகத் தொங்கின. மூன்றாவது இடத்தில் தண்டும், அடியில் இரண்டே இரண்டு சின்னச் சீப்பும். மூன்றிலும் ரிப்பன் இல்லை.

"ரிப்பன் எங்க?" என்றேன்.

இவர் திரும்பிப் பார்த்தார். "நான் டீ குடிச்சிட்டு வந்து பாக்கையில எதுலயும் இல்ல. சரி, நீதான் அவுத்துட்ட, விக்கலாம்னு ஆயிருச்சுன்னு நெனச்சேன். இதுதான் நல்லாப் பழுத்திருந்துச்சு."

கொய்யாக்காரர் தராசுத் தட்டைக் கீழே வைத்தார். "அக்கா, ரிப்பன் நான் அவுத்துக் குடுத்ததுங்க. விழாவுக்கு வேணும்னாங்க. திரும்ப வந்து கட்டிக்கிலாம்னு நெனச்சேன், வெட்டிப்போட்டாங்க."

அப்போது எனக்கு வழக்கம் எல்லாம் மறந்து போனது. அந்தக் கூட்டத்தின் நடுவில் இவரிடம் சொல்லிவிட்டேன். உங்களைப் பாம்பு கடித்தபோது நேர்ந்தது, ஒரு பழம் குறையாமல் வைக்கிறேன் என்று சொன்னது, இன்றைக்குச் சாயங்காலம் கோயிலுக்குப் போக வேண்டியது. சொல்லும்போதே அழுகை வந்து, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். இவர் கையில் இருந்த சூரிக்கத்தியை அப்படியே மேசையில் வைத்துவிட்டு, தண்டையே பார்த்துக்கொண்டு நின்றார். வாங்க வந்திருந்தவர்கள் ஒருவரும் விலை கேட்கவில்லை.

கொய்யாக்காரர்தான் முதலில் வாய் திறந்தார். "எந்திரிங்கக்கா. ஏழு சீப்புத்தானுங்க போயிருக்குது. மண்டியா இருந்தா லாரியேறிப் போயிருக்கும். இங்க நான் இங்கயேதான நின்னேன்? யார் யார் வாங்குனாங்கன்னு எனக்கு மொகம் தெரியும். வாங்க."

அந்த வார்த்தைக்காக அவரை இன்றைக்கும் ஜெபத்தில் நினைக்கிறேன்.

முதலில் பிடித்தது ஒரு ரிட்டையரான டீச்சரம்மாளை. இரண்டு சீப்பு வாங்கிக்கொண்டு கீரைக்காரப் பெண்ணின் மேசையில் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். விஷயத்தைச் சொன்னதும் பையிலிருந்து இரண்டையும் எடுத்து என் கையில் வைத்துவிட்டு, என் பின்னால் நின்ற வீட்டுக்காரரைப் பார்த்தார்கள்.

"பொண்டாட்டி விக்காதேன்னு சொன்னா விக்கக் கூடாது. என் கிளாசா இருந்தா முட்டி போட வச்சிருப்பேன்."

"போட்டுக்கிறேன் டீச்சர்," என்றார் இவர். நிஜமாகவே போட்டுவிடுவார் போல இருந்தது.

அடுத்தது பேகம்பூர் பாய் ஒருவர். மூன்று சீப்பை ஸ்கூட்டரின் முன்னால் மாட்டிவிட்டு, கிளம்புவதற்கு உதைத்துக்கொண்டிருந்தார். வண்டி அன்றைக்குக் கிளம்பவில்லை. அதற்கும் சேர்த்துத்தான் ஆண்டவருக்கு நன்றி சொல்ல வேண்டும். நான் மூச்சு வாங்கிக்கொண்டு, "பாய், இது நேர்ந்த பழம்," என்ற ஒரு வார்த்தைதான் சொன்னேன். மேற்கொண்டு விளக்கம் கேட்கவில்லை. பையைக் கழற்றினார்.

"நேந்ததுல கை வைக்கக் கூடாதும்மா. எங்க வீட்லயும் தர்காவுக்கு நேந்துக்குவாங்க, எனக்குத் தெரியாதா? எடுத்துக்கங்க." பிறகு என் வீட்டுக்காரரிடம் குரலைத் தாழ்த்தி, "ஆனா வெறுங்கையோட வீட்டுக்குப் போனா, என்னைய யாரு காப்பாத்துறது? மத்த தார்ல மூணு சீப்பு வெட்டிக் குடுங்க மாமு," என்றார். இவர் ஓடிப் போய் நான்கு வெட்டிக்கொண்டு வந்தார். அந்த நான்காவதை பாய் வாங்க மாட்டேன் என்றார், இவர் விட மாட்டேன் என்றார். கடைசியில் அது ஸ்கூட்டர் டிக்கியில் ஏறியது.

ஆறாவது சீப்பு பந்தலுக்கு வெளியே வேப்பமர நிழலில் இருந்தது. இரண்டு பிள்ளைகளோடு நின்ற சின்னப் பெண். நெற்றியில் விபூதி. மூத்த பெண்பிள்ளை ஒரு பழத்தை உரித்துப் பாதி தின்றிருந்தது. நேர்ச்சை என்று கேட்டதும் அந்தத் தாய் பிள்ளையின் கையில் இருந்த மீதியைப் பிடுங்கிவிட்டாள்.

"சாமிக்கு வச்சதயா தின்னுருச்சு? அறியாப் புள்ளக்கா. ஒண்ணும் ஆகாதுல்ல?" அவள் கண்ணில் இருந்த பயம் எனக்கு நன்றாகத் தெரிந்த பயம். நானும் அதே பயத்தோடுதான் பந்தல் முழுக்க ஓடிக்கொண்டிருந்தேன். ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் என் வாயில் வேறு வார்த்தை வந்தது.

"ஒண்ணும் ஆகாதும்மா. மாதாவும் புள்ள பெத்தவதான். அந்த மீதியக் குடு, திங்கட்டும்."

பிள்ளை முழுசாகத் தின்று முடித்த பிறகுதான் நான் மீதிச் சீப்பை வாங்கிக்கொண்டு, அவளுக்கும் டீச்சரம்மாளுக்கும் மற்றத் தாரிலிருந்து வேறு வெட்டிக் கொடுக்கச் சொன்னேன். அப்படி ஒரு பழம் குறைந்தது. நான் நேர்ந்தபடி இனிமேல் வைக்க முடியாது என்று அப்போதே தெரிந்துவிட்டது. ஆனாலும் ஒரு பழம்தானே, சொல்லி மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

ஏழாவது சீப்பை வாங்கியவரைச் சந்தையில் காணவில்லை. கொய்யாக்காரருக்கு அடையாளம் தெரிந்தது. ஒல்லியான பெண், கையில் பிளாஸ்க். இவருக்கும் ஞாபகம் இருந்தது. "பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போறேன், நல்லாப் பழுத்ததா குடுங்கண்ணேன்னு கேட்டுச்சு," என்றார்.

மேசையைக் கொய்யாக்காரரிடம் விட்டுவிட்டு இரண்டு பேரும் ஆட்டோ பிடித்தோம். பதிலுக்குக் கொடுக்க மற்றத் தாரிலிருந்து நல்ல சீப்பாக ஒன்றை வெட்டி எடுத்துக்கொண்டோம். ஆட்டோவில் அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"பத்து மாசமாவா மனசுல வச்சிருந்த?"

"ஆமா."

அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் திரும்பவும் கால் வைத்தேன். அதே பினாயில் வாசனை. அதே சிமெண்டு பெஞ்சு. பிளாஸ்க் வைத்திருந்த ஒல்லியான பெண் என்று விசாரித்துப் போனதில், இவர் படுத்திருந்த வார்டுக்கே வழி போய்ச் சேர்ந்தது. வாசலில் நின்ற நர்சு, ஒருத்தர்தான் உள்ளே போகலாம் என்றார்கள். "நீ இரு, நான் கேட்டு வாங்கிட்டு வாரேன்," என்று இவர் போனார். நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். ஒரு ஜெபமாலையில் பாதி சொல்லும் நேரம் ஆகியிருக்கும்.

திரும்பி வந்தபோது அவர் கை இரண்டும் காலியாக இருந்தன.

"கேட்டீங்களா?"

"கேக்கல." என் பக்கத்தில் உட்கார்ந்தார். "ஜன்னல் ஓரக் கட்டில்ல இருக்கிறவரு மூணு நாளா நெனவில்லாமக் கெடந்திருக்காரு. நேத்துத்தான் முழிச்சாராம். பழம் குடுக்கலாம்னு இன்னைக்குக் காலைலதான் டாக்டர் சொல்லியிருக்காரு. அந்தப் புள்ள பழத்தக் கரண்டியில மசிச்சு ஊட்டிக்கிட்டிருக்கு. நான் போய் நின்னதும், காசு ஏதும் கொறையுதாண்ணேன்னு கேட்டுச்சு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"இல்லம்மா, ஒரு சீப்பு எலவசம், அதக் குடுக்க வந்தேன்னு சொன்னேன்."

எனக்குக் கோபம் வரவில்லை. கோபம் வரவில்லையே என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. கதவு திறந்து மூடும்போதெல்லாம் உள்ளே ஜன்னல் ஓரக் கட்டில் தெரிந்தது. அந்தப் பெண்ணின் முதுகும், கரண்டி ஏறி இறங்குவதும் தெரிந்தது. அந்தக் கரண்டியைப் பிடுங்குகிற தைரியம் எனக்கும் இல்லை. எழுந்து வந்துவிட்டோம்.

சந்தைக்குத் திரும்பியபோது மற்ற இரண்டு தாரில் மிச்சம் இருந்ததும் விற்றுப்போயிருந்தது. கொய்யாக்காரர் தன் பழத்தை விட்டுவிட்டு எங்கள் பழத்தை விற்றுக்கொண்டிருந்தார். நாங்கள் மீட்ட சீப்புகளை வாழைநார் போட்டுத் தண்டில் அவரே வரிசையாகக் கட்டிக்கொடுத்தார். கீழே இரண்டு சின்னது, மேலே ஆறு. ஒரு இடம் காலி. "துணி சுத்தி மறச்சிரலாங்களாக்கா?" என்றார். வேண்டாம் என்றேன்.

கோயிலில் பூசைக்கு முன்னால் பங்குச் சாமியாரைப் பார்த்து நடந்ததை எல்லாம் சொன்னேன். ஒரு சீப்பும் ஒரு பழமும் குறைகிறது சாமி, இதை வைக்கலாமா, அடுத்த தார் வரைக்கும் காத்திருக்கணுமா என்று கேட்டேன். அவர் அந்தக் கட்டுப்போட்ட தாரைப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "என்கிட்ட நேரலயேம்மா நீங்க. யாருகிட்ட நேந்தீங்களோ அவங்ககிட்ட சொல்லுங்க," என்றார்.

பீடத்துக்குப் பக்கத்துத் தூணில் தாரை மாட்டிவிட்டு மாதாவுக்கு முன்னால் முழங்காலில் நின்றேன். இவரும் வந்து பக்கத்தில் நின்றார். கடித்த கால் இன்னமும் சரியாக மடங்காது, ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் நிற்பார். நான் மெதுவாக, ஆனால் வாய்விட்டே சொன்னேன். "அம்மா, சொன்னபடி முழுசா இல்ல. ஒரு பழம் ஒரு புள்ள தின்னுருச்சு. ஒரு சீப்பு ஆஸ்பத்திரியில இருக்கு. மத்தது எல்லாம் வாங்குனவங்களே திருப்பிக் குடுத்தாங்க. எம்புட்டு நல்லவங்க அம்மா அவங்க. இவரையும் கூட்டியாந்திருக்கேன், பாத்துக்கங்க." வேறு சொல்லத் தெரியவில்லை. சொல்லி முடித்ததும் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. அந்த ஆறுதலை நானாக வரவழைத்துக்கொண்டேன் என்று நான் நினைக்கவில்லை. கொடுக்கப்பட்டது என்றுதான் நம்புகிறேன்.

பூசை முடிந்ததும் சாமியாருக்கு உதவியாக இருக்கிற உபதேசியார் சீப்புகளைப் பிரித்து எல்லாருக்கும் ஆளுக்கு ஒரு பழம் கொடுத்தார். நேர்ந்த வீட்டார் அதில் சாப்பிடுவதில்லை. நாங்கள் இரண்டு பேரும் சுவரோரமாக நின்று, தின்கிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரே நாளில் எங்கள் பழத்தைத் தின்ற முகங்கள் இத்தனை. மண்டிக்குப் போட்டிருந்தால் இதில் ஒரு முகத்தைக்கூட நான் பார்த்திருக்க மாட்டேன். அந்தச் சந்தையைத் தொடங்க வேண்டும் என்று அலைந்தவர்கள் எல்லாருடைய குடும்பத்தையும் ஆண்டவர் காக்க வேண்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன்.

கூட்டம் கலைந்த பிறகு இவர் தொண்டையைக் கனைத்தார். "அடுத்து குலை தள்ளியிருக்குல்ல, வாய்க்கா ஓரத்துல. அத நான் நேந்துக்கிறேன்."

"யாருக்கு?"

"ஆஸ்பத்திரியில இருக்கிற அந்த ஆளுக்குத்தான். எந்திரிச்சு நடந்துட்டாருன்னா கொண்டாந்து வச்சிருவோம்."

"அவரு பேரு என்ன?"

இவர் யோசித்தார். "கேக்கலையே புள்ள."

"பேரு தெரியாம எப்பிடிங்க வேண்டுறது?"

"ஜன்னல் ஓரக் கட்டில்னு சொல்லு. மாதாவுக்கு அந்த வார்டு தெரியாதா? நம்மளுக்காக நாலு நாளு வந்துட்டுப் போனவங்கதான?"

நான் திரும்பவும் உள்ளே போனேன். உபதேசியார் விளக்கை அணைக்கக் கை ஓங்கியிருந்தார். செத்த நேரம் பொறுங்கள் என்று சைகை காட்டிவிட்டு, மாதாவிடம் அப்படியே சொல்லிவிட்டு வந்தேன்.